அருங்காட்சியகத்தின் காற்று: யாருக்காக, எவ்வளவு செலவில்?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கையில் எங்களை ஓர் அருங்காட்சியகத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். அங்கே என்னென்ன பார்த்தோம் என்று இப்போது கேட்டால் பாதி மறந்துவிட்டது. மறக்காதது குளிர். பேருந்திலிருந்து இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். "ஏன் சார் இவ்வளவு குளிர்?" என்று கேட்ட நண்பனிடம், "பழைய பொருள் கெட்டுப் போகாம இருக்கத்தான்" என்றார் ஆசிரியர். குளிர்பதனப் பெட்டியில் மீனை வைப்பதுபோல என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

பல்கலைக்கழகத்தில் கட்டடக் குளிரூட்டல் பாடத்தை எடுத்த பிறகுதான் அந்தப் பதிலில் பாதிதான் சரி என்று தெரிந்தது. மறுபாதியைத் தேட வைத்தது பாடமன்று, நம் பேரவை அறையில் இருக்கும் இரும்பு அலமாரி. சென்ற ஆண்டு நூல் கண்காட்சிக்காகப் பழைய ஆண்டிதழ்களை வெளியே எடுத்தோம். அலமாரியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்த அடுக்கில் எல்லா இதழ்களிலும் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. இத்தனைக்கும் அந்த அறை நாள்தோறும் குளிரூட்டப்படும் அறை. வெயில் படாது, மழை ஒழுகாது. அப்படியானால் எங்கிருந்து வந்தது இந்த ஈரம்? ஓர் அலமாரிக்கே இந்தக் கதி என்றால், ஓலைச்சுவடியும் மரச்சிற்பமும் துணியும் வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் என்ன செய்கின்றன? அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது? இந்தக் கேள்விகளுக்கு நான் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஈரத்தைப் பற்றிச் சிறு பாடம்

காற்று ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீராவி நிரம்பும். ஆனால் இது விந்தையான பாத்திரம். சூடேறினால் பெரிதாகும், குளிர்ந்தால் சிறிதாகும். பாத்திரத்தின் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதையே சார்பு ஈரப்பதம் என்கிறோம். வானிலைச் செய்தியில் சொல்லும் ஈரப்பதம் இதுதான். நீரை ஒரு துளிகூடச் சேர்க்காமல் காற்றைக் குளிரவைத்தாலே ஈரப்பதம் ஏறும், ஏனெனில் பாத்திரம் சுருங்குகிறது. மேலும் குளிர்ந்தால் பாத்திரம் வழியும், வழிவதுதான் பனித்துளி.

நம் நாட்டில் நண்பகலில் 33 பாகை செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதம் என்பது வழக்கமான நிலை. அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 19 கிராம் நீர் இருக்கிறது. இது 24 பாகைக்குக் குளிர்ந்தாலே ஏறத்தாழ நிரம்பிவிடும். அதனால்தான் குளிர்ந்த கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிப் போகிறது. கண்ணாடி அணிந்த நண்பர்கள் ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மரம், தாள், ஓலை, தோல், பருத்தி, பட்டு ஆகியவை உயிர் போன பிறகும் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. ஈரக் காற்றில் நீரை வாங்கி உப்புகின்றன. வறண்ட காற்றில் கொடுத்துச் சுருங்குகின்றன. மரத்தின் மேல் பூசிய வண்ணமோ அந்த அளவுக்கு உப்பாது, சுருங்காது. இரண்டுக்கும் இடையிலான இழுபறியில்தான் வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. ஈரப்பதம் நாள்கணக்கில் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணத்திற்கு வாய்ப்பு; 75-ஐத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். இராமபாணப் பூச்சிக்கும் ஈரமான தாள்தான் பிடிக்கும். மறுபக்கம், மிகவும் வறண்டால் ஓலை நொறுங்கும். ஆக, பொருளைக் காப்பதில் வெப்பநிலையைவிட ஈரப்பதத்திற்கே பங்கு அதிகம். வெயில் தாழும் வேதிவினைகள் குளிரில் மெதுவாகும் என்பது உண்மைதான். பழைய நிழற்படச் சுருள்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் பூசணத்தை நிறுத்துவது குளிர் அன்று.

55 விழுக்காடு வந்த வழி

இங்கே ஒரு வியப்பான செய்தி. இன்று நாம் பயன்படுத்தும் குளிரூட்டிக்கு முன்னோடியான கருவி, மனிதனைக் குளிர்விப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று. 1902-இல் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் வண்ணப்படங்கள் சரியாகப் பதியவில்லை. ஒரு வண்ணத்தை அச்சிட்டு அடுத்ததை அச்சிடுவதற்குள் தாள் ஈரத்தில் விரிந்துவிடும். இதைத் தீர்க்கும் பொறுப்பு வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதன் நீரை வடித்து, அறையின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்த அவர் திட்டம் வகுத்தார். தாளுக்காகப் பிறந்த கருவி பிறகுதான் திரையரங்குக்கும் அலுவலகத்துக்கும் படுக்கையறைக்கும் போனது. நம் அலமாரி இதழ்களை நினைத்தால் இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அருங்காட்சியகங்களுக்கு இந்தப் பாடம் போரின் வழியே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களைக் குண்டுவீச்சிலிருந்து காக்க, 1941-இல் வேல்ஸ் நாட்டின் மேனோட் மலையிலிருந்த கற்பலகைச் சுரங்கத்திற்குக் கொண்டுபோனார்கள். குகைக்குள் செங்கல் அறைகள் கட்டி, குளிர்ந்து ஈரமாயிருந்த காற்றைச் சூடேற்றி, ஏறக்குறைய 17 பாகை, 42 விழுக்காடு என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் மாறாமல் வைத்திருந்தார்கள். இலண்டனில் ஓயாமல் வண்ணம் உதிர்ந்து, ஓயாமல் ஒட்டவைக்க வேண்டியிருந்த அதே ஓவியங்கள் சுரங்கத்தில் அமைதியாக இருந்தன. போர் முடிந்து திரும்பியதும் மறுபடி உதிரத் தொடங்கின. காற்று மாறாமல் இருப்பதே மருந்து என்று அப்போது உறுதியாயிற்று.

இந்த அனுபவத்தின் வாரிசாக வந்தது, அதே ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த கேரி தாம்சன் 1978-இல் வெளியிட்ட நூல். உலகெங்கும் அருங்காட்சியகத் துறையினர் பாடநூலாகக் கொண்ட நூல் அது. முதல்தர அருங்காட்சியகத்திற்கு ஈரப்பதம் 50 அல்லது 55 விழுக்காடு, கூடக் குறைய 5. வெப்பநிலை குளிர்காலத்தில் 19, கோடையில் 24 வரை, கூடக் குறைய 1 பாகை என்பது அவருடைய பரிந்துரை. தாம்சன் நம் மலாயாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, அந்த 'கூடக் குறைய 5' என்பது பொருள்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவிலிருந்து வந்ததைவிடக் கருவிகளால் எவ்வளவு முடியும் என்பதிலிருந்து வந்தது என்று அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டிருப்பது. ஆனால் எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் அந்த ஒப்புதலை எடுத்துக்கொள்ளவில்லை. ஓவியங்களை நாடுகளுக்கிடையே இரவல் கொடுக்கும் ஒப்பந்தங்களில் இந்த எண்கள் நிபந்தனைகளாக ஏறின. இரவல் வேண்டுமென்றால் கட்டடம் முழுவதும் அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். வெளியே பனி பெய்யும் ஊருக்கும், ஆண்டு முழுவதும் வியர்க்கும் நம் ஊருக்கும் ஒரே எண்.

மின்கட்டணம் எங்கே போகிறது?

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

ஒரு காட்சிக்கூடத்தில் 100 பேர் இருக்கிறார்கள். மூச்சுவிட ஒருவருக்கு வினாடிக்கு 5 லிட்டர் வெளிக்காற்று என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 500 லிட்டர் காற்றை உள்ளே விட வேண்டும். அதன் எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். வெளிக்காற்றில் கிலோவுக்கு 19 கிராம் நீர் என்று பார்த்தோம். உள்ளே 24 பாகை, 55 விழுக்காடு வேண்டுமானால் 10 கிராம்தான் இருக்கலாம். மீதி 9 கிராமையும் பிழிந்தெடுக்க வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் நீர். அருங்காட்சியகம் எட்டு மணி நேரம் திறந்திருந்தால் நாளொன்றுக்கு 140 லிட்டருக்கு மேல். கூரையில் பொருத்திய எந்திரத்திலிருந்து குழாய் வழியே சொட்டிக்கொண்டே இருக்கிறதே, அந்த நீர்தான்.

நீராவியை நீராக்குவதற்கு ஏராளமான வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு கிலோ வெளிக்காற்றை 33-லிருந்து 24 பாகைக்குக் குளிர்விக்க 9 கிலோஜூல்; அதே காற்றிலிருந்து 9 கிராம் நீரை வடிக்க 22 கிலோஜூல். அதாவது வெளிக்காற்றுக்காகச் செலவாகும் ஆற்றலில் பத்தில் ஏழு பங்கு, குளிர்விப்பதற்காக அன்று, உலர்த்துவதற்காக. 100 பேருக்கான காற்றுக்கு மட்டும் 18 கிலோவாட் அளவுக்குக் குளிர்விக்கும் திறன் வேண்டும். வீட்டில் மாட்டும் ஒன்றரைக் குதிரைத்திறன் குளிரூட்டிகள் ஐந்துக்குச் சமம். விளக்கின் வெப்பம், கூரையின் வெப்பம், ஒவ்வொருவர் உடலும் வெளிவிடும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் எல்லாம் இதற்கு மேல்.

இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. 24 பாகை, 55 விழுக்காடு என்ற நிலையை அடைய, காற்றை 14 பாகைக்குக் கீழே கொண்டுபோய் நீரை வடிக்க வேண்டும். அவ்வளவு குளிர்ந்த காற்றை அப்படியே விட்டால் பார்வையாளர்கள் நடுங்குவார்கள். எனவே அதை மறுபடி சூடேற்றுகிறார்கள். குளிர்விக்க ஒரு கட்டணம், குளிர்வித்ததைச் சூடேற்ற இன்னொரு கட்டணம். எந்திரத்தின் கழிவு வெப்பத்தையே இதற்குத் திருப்பிவிடலாம் என்றாலும் எல்லாக் கட்டடங்களிலும் அப்படிச் செய்வதில்லை. சூடேற்றும் வசதியே இல்லாத சிறிய இடங்களில் குளிர் மட்டுமே மிஞ்சுகிறது. என் நண்பனின் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான்.

எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும்? 20 பாகை, 50 விழுக்காடு என்று வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 12 கிராம் நீரை வடிக்க வேண்டும். 26 பாகை, 60 விழுக்காடு என்று வைத்தால் ஆறரை கிராம் போதும். ஏறத்தாழ பாதி. பூசணத்தின் எல்லையான 65-க்குக் கீழேதான் இன்னும் இருக்கிறோம்.

மூச்சுவிடுபவர்கள்

அப்படியானால் வெளிக்காற்றையே குறைத்துவிட்டால் செலவு குறையுமே என்று தோன்றும். பல கட்டடங்களில் அதைத்தான் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் மணிக்கு 20 லிட்டர் அளவில் கரியமில வாயுவையும் 50 கிராம் அளவில் நீராவியையும் வெளிவிடுகிறார். வெளிக்காற்று போதாவிட்டால் கரியமில வாயு ஏறும். தலை கனக்கும், கொட்டாவி வரும். மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவை, கரியமில வாயு பத்து இலட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. வெப்பநிலை 23 முதல் 26 பாகை, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு என்பதும் அதில் உண்டு. மிதக்கும் தூசு, பூசண வித்துகள், பசையிலும் பலகையிலும் இருந்து கசியும் பார்மால்டிஹைடு ஆகியவற்றுக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள்.

நாம் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலர் நாள் முழுவதும் அதே காற்றில் இருக்கிறார். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு காவலர்கள் அமர்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காற்றுத்தரம் என்று பேசும்போது முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம் என்பது என் கருத்து.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. கரியமில வாயுவை அளக்கும் உணரியைப் பொருத்தி, கூட்டம் வந்தால் வெளிக்காற்றுக் கதவு தானாகத் திறக்கவும் ஆள் இல்லாதபோது மூடிக்கொள்ளவும் செய்யலாம். பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வரும் நாளுக்கும், நான்கு பேர் நடமாடும் செவ்வாய்க்கிழமை பிற்பகலுக்கும் ஒரே அளவு காற்றை உலர்த்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புகைமூட்டக் காலம் மட்டும் சிக்கலானது. 2015-இல் நம் பள்ளிகளையே மூட வைத்த புகை நினைவிருக்கும். அப்போது வெளிக்காற்றை விட்டால் நுண்துகள் வரும், விடாவிட்டால் மூச்சு தேங்கும். நல்ல வடிகட்டிகள் வேண்டும். வடிகட்டி அடர்த்தியானால் விசிறிக்கு அதிக மின்சாரம் வேண்டும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மனிதனுக்கு 23 முதல் 26 பாகை. பெரும்பாலான பொருள்களுக்கும் அது ஏற்றதே. ஈரப்பதம் 50 முதல் 60 வரை இருவருக்கும் பொருந்தும். அப்படியானால் பொருளுக்கும் மனிதனுக்கும் சண்டை எங்கே? எண்ணில் இல்லை. நேரத்தில் இருக்கிறது. மனிதன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறான். பொருள் அங்கேயே இருக்கிறது.

மாலை ஆறு மணிக்குப் பிறகு

பெயர் சொல்ல வேண்டாத ஒரு சிறிய காட்சியகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தவுடன் உள்ளே போனபோது புழுக்கமாகவும் பழைய துணி வாடையாகவும் இருந்தது. சிறிது நேரத்தில் குளிரூட்டிகள் ஓடத் தொடங்கின. பத்து மணிக்கெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. மாலையில் கதவைப் பூட்டும்போது குளிரூட்டியையும் நிறுத்திவிடுவோம், மின்சாரம் மிச்சமாகும் என்று அங்கிருந்த அண்ணன் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் நாம் அனைவரும் செய்வது அதுதானே.

அந்த அறைக்குள் இரவில் என்ன நடக்கிறது? கதவிடுக்கு, சாளர இடுக்கு, கூரை இடுக்கு வழியாக வெளிக்காற்று மெல்ல நுழைகிறது. அறையின் வெப்பநிலை 27 பாகைக்கு ஏறுகிறது என்று கொள்வோம். இரவிலும் வெளிக்காற்றின் நீரளவு பகலைப்போலவேதான் இருக்கும். கணக்குப் போட்டால் விடியற்காலையில் அறையின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை நெருங்குகிறது. பகலெல்லாம் குளிர்ந்த சுவரும் இரும்பு அலமாரியும் அறைக் காற்றைவிடத் தாமதமாகச் சூடாவதால், அவற்றை ஒட்டிய இடத்தில் இன்னும் அதிகம். காலையில் குளிரூட்டி ஓடியதும் இரண்டு மணி நேரத்தில் 55-க்கு இறங்குகிறது. மரம் இரவில் உப்பி, பகலில் சுருங்குகிறது. ஆண்டுக்கு 300 முறை. குளிரூட்டியே இல்லாமல் சாளரத்தைத் திறந்து வைத்திருந்தால்கூட மரம் இவ்வளவு திடீரென்று அலைக்கழிக்கப்பட்டிருக்காது.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. ஈரமாக இருக்கிறதா, 18-இல் வை என்பார்கள். குளிரூட்டியின் உணரி வெப்பநிலையை மட்டுமே பார்க்கும்; ஈரத்தைப் பார்க்காது. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய எந்திரம் மாட்டியிருந்தால் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். நீர் வடிவதற்குப் போதிய நேரமே கிடைக்காது. எந்திரம் நின்றபின் விசிறி மட்டும் சுற்றும்போது குழாயில் படிந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே வந்துவிடும். விளைவு, குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும் அறை. பூசணத்திற்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

பழகிய காற்று

1990-களில் தொடங்கி ஆய்வாளர்கள் பழைய எண்களை மறுபரிசீலனை செய்தார்கள். அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தில் மரம், வண்ணம், பசை ஆகியவற்றை இழுத்தும் வளைத்தும் சோதித்த மரியன் மெக்கலன்பர்க் குழுவினர், பொருள்கள் நாம் அஞ்சும் அளவுக்கு மென்மையானவை அல்ல என்று காட்டினர். கனடா நாட்டுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஸ்டீபன் மிக்கால்ஸ்கி சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருள் தன் வாழ்நாளில் ஏற்கெனவே கண்ட மிகப் பெரிய ஈரப்பத மாற்றம், விரிசல் விட வேண்டிய இடத்தில் விரிசலை விட்டுவிட்டது. அதைவிடச் சிறிய மாற்றங்கள் புதிதாகப் பெரிய தீங்கு செய்யா என்பது அதன் சாரம். பொருள் பழகிய காற்றையே அளவுகோலாகக் கொள்ளும் ஐரோப்பியத் தரக் கோட்பாடும் 2010-இல் வெளிவந்தது.

இதை நம் நிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தோட்டத்து லயத்தில் ஐம்பது ஆண்டுகள் இருந்த மரப்பெட்டி, பால்வெட்டுக் கத்தியின் கைப்பிடி, கோயில் உறுமி, காவடித் தண்டு எல்லாம் ஈரக் காற்றிலேயே வாழ்ந்தவை. அவற்றைத் திடீரென்று இலண்டன் எண்ணுக்குக் கொண்டுவந்தால் காப்பாற்றுவதாக நினைத்து வெடிக்க வைப்போம். காண்டா வாளிக்கும் அலுமினிய மங்குக்கும் துரு, உப்பு தவிர வேறு கவலை அதிகமில்லை. கடாரத்தின் புஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி திறந்தவெளியில்தான் நிற்கிறது. கல்லுக்குக் குளிரூட்டி வேண்டாம். மாறாக, வறண்ட செட்டிநாட்டில் செதுக்கப்பட்ட மரவாசல் ஒன்று இன்று சிங்கப்பூர் கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் இருக்கிறது. அது வேறு காற்றில் பிறந்தது. அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே காற்று என்பது செலவு மிக்கது மட்டுமன்று, தவறும்கூட.

உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்கள் கூடும் பிசோ குழு, 2015-ஐ ஒட்டி எல்லையைத் தளர்த்தியது. ஈரத்தால் பாதிக்கப்படும் பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 விழுக்காடு, 16 முதல் 25 பாகை. ஒரு நாளைக்குள் ஏற்ற இறக்கம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2014-இல் அனைத்துலகப் பொருட்பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட கூட்டறிக்கையோ, நிலையான காட்சிக்கான அளவுகள் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. நான் மேலே சொன்ன சிறிய காட்சியகம் பகலில் பிசோ எண்ணைத் தொடுகிறது. ஒரு நாளைக்குள் 25 விழுக்காடு ஆடுவதால் தேர்வில் தோற்றுவிடுகிறது.

குளிரூட்டியே இல்லாத வழியையும் சிலர் முயன்றிருக்கிறார்கள். கெட்டி பொருட்பாதுகாப்பு நிறுவனத்தின் ஷின் மயேகாவா குழுவினர் கேனரித் தீவுகளின் டெனரிபில் பழைய கட்டடங்களில் விசிறி, சூடேற்றி, ஈர உணரி ஆகியவற்றைக் கொண்டே ஈரப்பதத்தை அடக்கினர். வெளிக்காற்று உலர்ந்திருக்கும் வேளையில் விசிறி ஓடும். இல்லாதபோது அறையைச் சற்றே சூடேற்றினால் பாத்திரம் பெரிதாகி ஈரப்பதம் இறங்கும். வேல்ஸ் சுரங்கத்தில் செய்ததும் அடிப்படையில் இதுவே. நம் ஊரில் இரவுக் காற்றை 65 விழுக்காட்டுக்கு இறக்க 31 பாகை வரை சூடேற்ற வேண்டிவரும் என்பது என் கணக்கு. மனிதர் அமரும் கூடத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் ஆளில்லாத சேமிப்பறையில், ஈரநீக்கும் சிறு எந்திரம் ஒன்றை 28 பாகை, 60 விழுக்காட்டில் இரவு பகலாக ஓடவிடலாம். பகல் மட்டும் 20 பாகைக்குக் குளிர்விக்கும் முறையைவிட அது பொருளுக்கும் நல்லது, கட்டணத்துக்கும் நல்லது.

பேழைக்குள் இன்னொரு காற்று

பொருளின் காற்றையும் மனிதனின் காற்றையும் பிரித்துவிடுவது இன்னொரு வழி. நன்கு அடைத்த கண்ணாடிப் பேழைக்குள் சிலிக்கா மணிகளை வைத்தால், அவை ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் பேழைக்குள் இருக்கும் காற்றை நிலையாக வைக்கும். வெளியே கூடம் 26 பாகையில் இருக்கலாம், இரவில் சற்று ஏறி இறங்கலாம், ஓலைச்சுவடிக்குத் தெரியாது. மின்சாரமும் வேண்டாம்.

ஆனால் அடைத்த பெட்டியில் உள்ளே இருப்பதும் வெளியேறாது. ஒட்டுப்பலகை, பசை, வண்ணம் ஆகியவற்றிலிருந்து கசியும் அசெட்டிக், பார்மிக் அமிலங்கள் ஈயத்தையும் சிப்பியையும் அரித்துவிடும். கம்பளித் துணியின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். இதைச் சோதிக்கப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆன்டுரு ஆடி 1973-இல் எளிய முறையை வகுத்தார். ஐயத்துக்குரிய பலகைத் துண்டோடு வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளைச் சிறிது நீருடன் கண்ணாடிக் குப்பியில் அடைத்து 60 பாகையில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பலகை பேழைக்கு ஆகாது. ஆடி சோதனை என்றே இதற்குப் பெயர். அழகாகத் தச்சு வேலை செய்த புதிய ஒட்டுப்பலகைப் பேழையில் தாத்தா காலத்து வெள்ளிக் காப்பை வைக்க நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

மறுபடி நம் அலமாரிக்கு வருகிறேன். அந்த அறையின் குளிரூட்டி மாலையில் நின்றுவிடும்; அதை மாற்றும் அதிகாரம் மாணவர்களுக்குக் கிடையாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒட்டாமல் தப்பிய இதழ்களை நிழலில் உலர்த்தி, மென்தூரிகையால் துடைத்து, இறுக மூடும் நெகிழிப் பெட்டிகளில் சிலிக்கா மணிகளோடு வைத்தோம். துடைத்தபோது முகமூடி அணிந்துகொண்டோம், பூசண வித்து மூச்சுக்கு ஆகாது. பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சிறு முள்மானி ஒன்று இருக்கிறது. அதன் முள் 60-ஐத் தாண்டினால் மணிகளை அடுப்பில் உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். ஒட்டிப்போன இதழ்களைப் பிரிக்க வேண்டாம் என்று தனி உறையில் வைத்திருக்கிறோம். பழைய உறுப்பினர் எவரிடமாவது அவற்றின் மறுபடி இருந்தால் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளக் கொடுத்து உதவலாம். முள்ளின் அளவைத் திங்கட்கிழமைதோறும் எழுதிவைக்கும் குறிப்பேடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. விடுமுறைக் காலத்துப் பக்கங்கள் மட்டும் காலியாக உள்ளன.